முடங்கிய கணக்கு, சிறுவாடு, பிட்காயின்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். வீட்டுக்காரர் பூண்டும் கேரட்டும் போடுகிறார். இரண்டு வருமானமும் ஒரே வங்கிக் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு கோடை சீசன் முடிந்து, பூண்டுத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் எடுக்கப் போனபோது ஏடிஎம் மறுத்துவிட்டது. இருப்பு காட்டுகிறது, எடுக்க விடவில்லை. யுபிஐயும் போகவில்லை.

வங்கியில் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. சீசனில் வெளிமாநிலத்துப் பையன்கள் நாலு பேர் தங்கிவிட்டு, 6,400 ரூபாயை கியூஆர் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பணம் எங்கோ யாரையோ ஏமாற்றிப் பறித்த பெரிய தொகையில் ஒரு துண்டாம். பறிகொடுத்தவர் சைபர் குற்ற எண்ணான 1930-க்குப் புகார் செய்திருக்கிறார். பணம் கை மாறிப் போன கணக்குகளுக்கெல்லாம் காவல்துறையிலிருந்து தகவல் போயிருக்கிறது. மூன்றாவதோ நான்காவதோ கையாக நான் இருந்திருக்கிறேன். "நாங்க ஒண்ணும் செய்ய முடியாது மேடம், மேல இருந்து வந்தது" என்றார் அதிகாரி. தகராறு 6,400 ரூபாய்க்கு. நின்றது மொத்தக் கணக்கும். பூண்டு விற்ற பணமும் அதில்தான் கிடந்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. யுபிஐயில் சில நூறு ரூபாய் வாங்கிய சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் நடந்திருக்கிறது. கேரளத்தில் 2023-ல் பலர் உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். சந்தேகப்படும் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்ற பொருளில் அங்கே தீர்ப்பு வந்தது. இது எனக்குத் தெரிந்திருந்ததால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்தது.

இதே சிக்கலில் மாட்டுகிறவர்களுக்காக, நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வாய்வார்த்தையோடு எழுந்து வராதீர்கள். புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், எவ்வளவு தொகை என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102-வது பிரிவு என்பார்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 106. எந்தப் பிரிவின் கீழ் நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள். பிறகு அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்கான சான்றுகளைச் சேர்க்க வேண்டும். என்னிடம் பில் இருந்தது, தங்கியவர்கள் கையெழுத்திட்ட பதிவேடு இருந்தது, முன்பதிவு செய்தபோது பேசிய வாட்ஸ்அப் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அந்த அதிகாரிக்கும் வங்கிக்கும் சேர்த்து அனுப்பினேன். "6,400-ஐ வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விடுங்கள்" என்பதுதான் என் கோரிக்கை. பதில் வராதபோது அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே திரும்பத் திரும்ப எழுதினேன். மழைக்காலம் பாதி போன பிறகு மற்ற பணம் விடுபட்டது.

அந்த இடைவெளியை எப்படித் தாண்டினோம்? பீரோவில் கொஞ்சம் ரொக்கம் இருந்தது. மீதி, மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கைமாற்று. கூலிக்கு வந்த பெண்களில் ஒருத்தி, "அக்கா, அடுத்த வாரம் சேத்துக் குடுங்க, ஓடியா போயிருவீங்க" என்று சிரித்தாள். பேங்க் நம்பாத என்னை அவள் நம்பினாள்.

பணத்தைப் பற்றி நான் புதிதாக யோசிக்கத் தொடங்கியது இங்கேதான். என் கணக்கில் இருப்பது என் பணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது வேறொருவர் கையில் இருக்கிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரி நல்ல மனிதர்தான், காபி கூட வாங்கிக் கொடுத்தார். சுவிட்ச் அவர் கையிலும் இல்லை என்பதுதான் அவருடைய கஷ்டம்.

என் மாமியார் இதையெல்லாம் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அப்போது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள்தான். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய், அதுவும் மலையில் பணம் இருக்கும் ஏடிஎம்மைத் தேடிக் கண்டுபிடித்தால். மாமியாரிடம் சிறுவாடு இருந்தது. அரிசிப் பானைக்கு அடியில், ஹார்லிக்ஸ் டப்பாவில், பழைய சேலை மடிப்பில். மாமனாருக்குத் தெரியாது, மகன்களுக்குத் தெரியாது. மகள் பிரசவத்துக்கும், குடித்துவிட்டு அடிக்கிற மருமகனிடமிருந்து மகளைக் கூட்டிவர வேண்டி வந்தால் பஸ் செலவுக்கும் என்று சேர்த்தது. அதைக் கொண்டுபோய் வங்கியில் போட வேண்டுமானால் மகன்களில் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னார். பணம் முழுதாகத் திரும்பி வந்தது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எந்தச் செலவு வந்தாலும் "அம்மாகிட்ட இருக்குமே" என்ற பேச்சு வர ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே பின்னர் கணக்குச் சொன்னது. கறுப்புப் பணம் எவ்வளவு பிடிபட்டது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எங்கள் தெருவில் பிடிபட்டவை பெண்களின் டப்பாக்கள்.

பணத்தில் ரகசியம் வேண்டும் என்று யாராவது சொன்னால், "ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு மாமியாரின் டப்பாவைத்தான் காட்டுவேன். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு அது ஒரு வருடம் தாமதம்.

கணக்கு முடங்கிக் கிடந்த அந்த மாதங்களில்தான் கோயம்புத்தூரில் ஐடி வேலையில் இருக்கும் அக்கா மகன் வந்து தங்கினான். வங்கியும் அரசும் நடுவில் இல்லாமல் இணையத்திலேயே ஓடும் பணமான பிட்காயின் என்றால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம். "சித்தி, இதுக்கு சுவிட்ச்சே கிடையாது" என்றான். நான் பி.காம் படித்தவள், கல்யாணத்துக்கு முன்பு கணக்கு எழுதும் வேலை பார்த்தவள். சுவிட்ச் இல்லாத கணக்கு எப்படி இருக்கும் என்று ஆர்வம் வந்துவிட்டது.

அவன் சொன்ன பழைய கதை எனக்குப் பிடித்திருந்தது. டேவிட் சாம் என்ற அமெரிக்கர் 1982-லேயே, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வங்கிக்கே தெரியாத மின்பணத்துக்கு வழி சொல்லியிருக்கிறார். அதற்காக டிஜிகேஷ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1998-ல் திவால். கம்பெனி போனது, பணமும் போனது. நடுவில் ஒரு கம்பெனி இருந்தால் அது சாகும், அல்லது அதைச் சாகடிப்பார்கள். 2010 டிசம்பரில், அரசுகளின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்துக்கு நன்கொடை போகும் வழிகளை விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் அடைத்தன. அடுத்த ஆண்டு விக்கிலீக்ஸ் நன்கொடையைப் பிட்காயினில் வாங்க ஆரம்பித்தது. அப்போது பிட்காயினுக்கு இரண்டரை வயது. 2008 அக்டோபர் 31-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர் அதன் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ல் முதல் பிளாக், அதாவது அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாகாது. ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வரும் அளவு பாதியாகும். 2024 ஏப்ரலில் பிளாக்குக்கு 3.125 ஆகக் குறைந்தது. இதை மாற்ற எந்த அமைச்சருக்கும் அதிகாரம் இல்லை, மாற்றச் சொல்லி மனு கொடுக்க ஓர் அலுவலகமும் இல்லை.

ஆனால் "ரகசியப் பணம்" என்று அவன் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய்யை மைக்கில் வாசிப்பார்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று மண்டபம் முழுக்கக் கேட்கும், நோட்டிலும் ஏறும். பிட்காயின் அந்த மைக் மொய்தான். தொகை எல்லோருக்கும் தெரியும், என்றைக்கும் அழியாது. ஒரே வித்தியாசம், பெயருக்குப் பதில் ஒரு நீளமான முகவரி எண். அந்த எண் இன்னார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பழைய நோட்டையும் புரட்டிப் பார்த்துவிடலாம். பான், ஆதார் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் (பிட்காயினை வாங்கி விற்கும் தளம்) வாங்கும்போது அந்தப் பெயரை நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். 2023 மார்ச் முதல் இந்தியாவில் எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பண மோசடித் தடுப்புச் சட்டம் பொருந்தும். வாடிக்கையாளர் விவரத்தை வைத்திருப்பதும் சந்தேகமான பரிவர்த்தனையைத் தெரிவிப்பதும் அவர்கள் கடமை.

பயன் இல்லையா என்றால் உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து என் சொந்த வாலட்டுக்கு (பிட்காயினை நம் கையிலேயே வைத்துக்கொள்ள உதவும் போன் செயலி) மாற்றிய பிறகு அதை யாரும் முடக்க முடியாது. ஊர்க்காரர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை வரவு பெறும்போதும் வாலட் புது முகவரி கொடுக்கும், அதையே பயன்படுத்த வேண்டும். பழைய முகவரியையே எல்லோருக்கும் கொடுத்தால் எல்லா வரவும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். தனித்தனி முகவரிகளில் இருப்பதைச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பினாலும், அவை எல்லாம் ஒருவருடையவை என்று பார்க்கிறவர்கள் ஊகித்துவிடுவார்கள். இது தெரியாமல் பலர் பிட்காயினில் ரகசியம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக, ஹோம்ஸ்டே லாபத்தில் போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வாங்கினேன். வாங்கியது பெரிய விஷயமில்லை. பத்திரப்படுத்தியதுதான் வேலை. வாலட் தொடங்கும்போது 12 ஆங்கில வார்த்தைகள் கொடுக்கும் (சிலவற்றில் 24). 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை. அந்த 12 வார்த்தைகள்தான் பணம். போன் உடைந்தாலும் வார்த்தைகள் இருந்தால் மீட்கலாம். வார்த்தைகள் போனால், போன் உடைகிற அன்றைக்குப் பணமும் போகும். யாரிடமும் போய் அழ முடியாது. சுவிட்ச் இல்லை என்றால் ஹெல்ப்லைனும் இல்லை.

காகிதத்தில் எழுதி வையுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சொல்கிறவர்கள் பூம்பாறையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்ததில்லை. ஐப்பசியில் இங்கே செருப்பில் பூஞ்சை பிடிக்கும், பீரோவுக்குள் இருக்கும் பத்திரமே நமுத்துப்போகும். பந்துமுனைப் பேனா மை கூடப் பரவும். அதனால் எவர்சில்வர் தகடு ஒன்று வாங்கினேன். பாத்திரக் கடையில் சொன்னால் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் வெட்டுகிறவர் படித்துவிடுவாரே! எழுத்து உளி ஒரு செட் வாங்கி, நானே சுத்தியலால் அடித்துக் கொத்தினேன். முழு வார்த்தையும் கொத்த வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது, நாலு எழுத்தே போதும். போனில் படம் எடுக்கவே கூடாது. எடுத்தால் அது தானாக கூகுள் போட்டோஸுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தகட்டைக் கொத்திய பிறகு, அதில் பணம் சேர்க்கும் முன், வாலட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டு, தகட்டைப் பார்த்து மீட்டுப் பார்த்தேன். இதைச் செய்யாமல் பெரிய தொகையை வைக்கவே வைக்காதீர்கள். கை நடுங்கத்தான் செய்யும். நூறு, இருநூறு ரூபாய்க்கு இருக்கும்போது நடுங்குவது நல்லது.

இன்னொன்று, அனுப்பும் கட்டணம். தொகையைப் பொறுத்து அது வராது. நெரிசலையும் அந்தப் பரிவர்த்தனை எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதையும் பொறுத்தே வரும். ஆயிரம் ரூபாய் அனுப்பினாலும் கோடி அனுப்பினாலும் ஒரே கட்டணமாக இருக்கலாம். 2024 ஏப்ரல் 20, வரத்து பாதியான அன்று சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து துளித்துளியாக எடுத்தால் எல்லாம் கட்டணத்திலேயே கரையும். ஓரளவு சேர்ந்த பிறகு, நெரிசல் இல்லாத நேரம் பார்த்து மாற்றுகிறேன். முதலில் சிறு தொகை, வந்து சேர்ந்த பிறகு மீதி. அதற்காக எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாமா என்றால், 2024 ஜூலையில் இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றிலிருந்து 23 கோடி டாலர் மதிப்புக்குத் திருட்டுப் போனது. வைத்திருந்தவர்கள் எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் நின்றார்கள். முடங்கிய கணக்கைப் பார்த்துவிட்டு அங்கே போய் வைத்தால் என்ன லாபம்?

வாரிசு விஷயம் அடுத்தது. மாமியார் டப்பாவை யாரிடமும் சொல்லாமல் கண்ணை மூடியிருந்தாலும், பானையைக் கழுவுகிறவள் கண்டெடுத்திருப்பாள். வாலட்டை அப்படி யாரும் கண்டெடுக்க மாட்டார்கள். எவர்சில்வர் தகட்டை மகள் எடைக்குப் போட்டுவிடுவாள். அதனால் தகடு எங்கே, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி, ஒட்டிய உறையில் வைத்து, உறை இருக்கும் இடத்தை வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். வார்த்தைகள் உறையில் இல்லை. "சிறுவாடுன்னா புருஷன்கிட்ட சொல்லக் கூடாதுல்ல?" என்று அவர் கேட்கிறார். கேட்கட்டும்.

வரி பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். 2018 ஏப்ரலில் வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, அதற்கு மேல் செஸ். அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும்போதே 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி). ஒன்றில் 20,000 லாபமும் இன்னொன்றில் 15,000 நட்டமும் வந்தால், கையில் நின்றது 5,000-தானே என்று நினைப்போம். வரி 20,000-க்கு: 6,000 ரூபாயும் செஸ் 240-ம். நட்டத்தைக் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்குத் தள்ளவும் முடியாது. இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கட்டுகிறேன். ஒவ்வொரு முறை வாங்கியது, விற்றது, தேதி, ரூபாய் மதிப்பு எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. ரிட்டர்னில் இதற்கென்று தனி அட்டவணை உண்டு, ஆடிட்டர் அதில் போட்டுவிடுகிறார். அண்டை அயலாருக்குத் தெரியாமல் இருப்பது வேறு, வருமான வரிக்குக் காட்டாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்புகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன.

வரியையும் டிடிஎஸ்ஸையும் தவிர்க்க, முகம் தெரியாத ஆளுக்கு நேரடியாக விற்கிறார்கள். பி2பி என்பார்கள். யுஎஸ்டிடி என்ற டாலர் டோக்கனைச் சந்தை விலையைவிட இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்க ஆள் இருக்கும். ஏன் அதிகம் கொடுக்கிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் அது யாரையோ ஏமாற்றிய பணம், அதை வேகமாக வேறு உருவத்துக்கு மாற்றப் பார்க்கிறான். டோக்கன் அவனுக்குப் போகும், 1930 புகார் உங்கள் கணக்குக்கு வரும். அக்கா மகனின் அறைத்தோழன் ஒருவன் இப்படித்தான் சம்பளக் கணக்கு முடங்கிக் கிடந்தான். எனக்கு நடந்ததே அவனுக்கும். ஆனால் காட்டுவதற்கு என்னிடம் பதிவேடும் பில்லும் இருந்தன, அவனிடம் ஒரு சாட் மட்டும்.

வட்டக்கானல் பக்கம் வருகிற வெளிநாட்டுப் பயணிகளில் சிலர் இங்கேயும் வந்து தங்குவார்கள். ஒருவர் வாடகையைப் பிட்காயினில் தரட்டுமா என்று கேட்டார். ஆடிட்டர் வேண்டாம் என்றார். அந்நியச் செலாவணி விவகாரத்தை ஒரு ராத்திரி வாடகைக்காக நம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது அவர் கருத்து. சரி என்று விட்டுவிட்டேன். அவரிடம் ரூபாய் நோட்டும் இருந்தது.

இனி சந்தை. அக்கா மகன் பிட்காயினோடு ஹாயக்கையும் சேர்த்துக் கொண்டு வந்தான். 1974-ல் பொருளாதார நோபல் வாங்கிய ஆஸ்திரியர். 1945-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் வெள்ளீயத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். எங்கோ வெள்ளீயம் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்று பயன்படுத்துகிறவனுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. விலை ஏறும், அவன் சிக்கனமாவான். ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் விவரம் ஒரு விலைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதை எந்த அலுவலகமும் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது என்கிறார்.

இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆஸ்திரியா தேவையில்லை, பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டி போதும். எங்கள் பூண்டு அங்கேதான் போகிறது. மத்தியப் பிரதேசத்தில் விளைச்சல் கொட்டினால் வடுகபட்டியில் விலை இறங்கும். அங்கே மழை பெய்ததா, யார் அதிகம் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. விலையைக் கேட்டதும் அடுத்த போகத்துக்கு எத்தனை படித்தோட்டத்தில் பூண்டு, எத்தனை படியில் கேரட் என்று வீட்டுக்காரர் தீர்மானித்துவிடுவார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், காரமும் தாங்குதிறனும் வேறு எந்தப் பூண்டுக்கும் வராது. ஆனால் குறியீடு விலையைத் தூக்கிப் பிடிப்பதில்லை. வாங்குகிறவன் தேடி வந்து கேட்டால்தான் ஏறுகிறது. இதுவரை ஹாயக் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆனால் அக்கா மகன் அதோடு நிறுத்தவில்லை. அரசாங்கம் விலகினால் எல்லாம் சுதந்திரம் என்றான். அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். விதைப்பூண்டுக்குக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருப்பவர்கள் அந்தக் கடைக்குத்தான் சரக்கைப் போட வேண்டும். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு இருபது ரூபாய் அதிகம் போனாலும் அங்கே போட முடியாது. எடை, கழிவு, தரம் எல்லாம் அவர் சொன்னதுதான். அதில் அரசாங்கம் எங்கேயும் இல்லை. சுவிட்ச் மண்டிக்காரர் கையில் இருக்கிறது. அவரில்லாவிட்டால் விதையும் இல்லை என்பதும் உண்மை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்குத்தான் சித்தி போட்டி வேணும்ங்கிறோம்" என்றான். அதை ஏற்றுக்கொள்கிறேன். பணத்தை வெளியிடும் உரிமை அரசுக்கு மட்டும் இருக்கக் கூடாது, பல பணங்கள் போட்டி போடட்டும் என்று 1976-ல் ஹாயக் வாதாடியதும் இதே கணக்கில்தான். எனக்கு அதில் எடுத்துக்கொள்ளத் தோன்றியது இவ்வளவு: போவதற்கு இன்னொரு கதவு இருந்தால் இந்தக் கதவில் நிற்கிறவர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார். கடன் கட்டாமல் அந்தக் கதவு திறக்காது. அதனால் பிட்காயினுக்கு முன்பு மண்டி முன்பணத்தை அடைத்தோம். இன்று மூன்று கடையில் விலை கேட்டுவிட்டுப் போடுகிறோம்.

பிட்காயின் அந்த இன்னொரு கதவா? கூலி கொடுக்கும் பணமாக அது ஆகாது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது, ஒரே வருடத்தில் 16,000-க்குக் கீழே போனது. அதில் சம்பளம் பேசினால் ஒன்று வேலைக்காரர் அழுவார் அல்லது நாங்கள் அழுவோம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து, ரோடு அடைபட்டு, கரண்ட் போய், டவரும் போனது. அப்போது யுபிஐயும் ஓடவில்லை, பிட்காயினும் ஓடியிருக்காது. நோட்டும், அண்ணாச்சியின் பற்று நோட்டும்தான் ஊரை ஓட்டின. ரொக்கத்தின் அந்தரங்கத்தை இதுவரை எந்த டிஜிட்டல் பணமும் எட்டவில்லை என்பது என் எண்ணம். ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் சோதனையாக விட்ட மின்ரூபாயும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் ரொக்கத்துக்கும் காகிதம் வேண்டும். தேர்தல் நேரத்தில் ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும். காய்கறி விற்றுவிட்டு வருகிற விவசாயி, வியாபாரிதான் பெரும்பாலும் மாட்டுகிறார். மண்டியில் கொடுக்கும் பட்டியலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் மறப்பார் என்பதால் அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பிவிட வேண்டும்.

இப்போது கியூஆர் அட்டை தனிக் கணக்கில் இருக்கிறது. ஹோம்ஸ்டே வரவு மட்டும் அதில் விழும், ராத்திரி அதை வழித்து வேறு வங்கியில் இருக்கும் கணக்குக்கு மாற்றிவிடுவேன். மறுபடி யாராவது கறைபட்ட பணத்தைக் கொடுத்தாலும் முதலில் நிற்பது அந்தக் காலிக் கணக்கு. பின்தொடர்ந்து வரமாட்டார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் பூண்டுப் பணமும் வாடகைப் பணமும் ஒரே மூட்டையில் இல்லை. யுபிஐ ஐடியில் போன் எண் வராத மாதிரி வேறு ஐடி வைத்தேன். பெண் நடத்தும் விடுதியில் இது சின்ன விஷயமில்லை, பணம் கொடுத்தவர்கள் எல்லோரிடமும் என் நம்பர் இருந்த காலத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு "ஹாய்" வரும். யார் கொடுத்தாலும் பரிவர்த்தனை எண்ணைப் பதிவேட்டில் எழுதி, முன்பதிவு செய்தவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றா என்று பார்க்கிறேன்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது உறுத்திய விஷயம் ஒன்று. மற்றவர்களுடைய அந்தரங்கத்துக்கு நான்தான் பொறுப்பு. தங்குகிறவர்களின் ஆதார் படம் என் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகக் குவிந்து கிடந்தது. அடையாளம் பார்த்துப் பதிய வேண்டியது சட்டப்படி அவசியம். வெளிநாட்டுக்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். 2024 மே 7 முதல் மலை ஏறுவதற்கே இ-பாஸ். ஆனால் ஆதாரின் 12 எண்களும் என் போனில் கிடக்க வேண்டிய தேவை இல்லை. கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். இப்போது அதையோ ஓட்டுநர் உரிமத்தையோதான் கேட்கிறேன். பழைய படங்களை அழித்துவிட்டேன்.

மகளிர் குழுவில் இப்போது என்னிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், "பிட்காயின்ல போடலாமாக்கா?" என்று. வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடை என்கிறேன். ஆறு மாதச் செலவுக்கு ரொக்கமும் வங்கியும் இருக்கட்டும் என்கிறேன். அதற்கப்புறமும் ஆசை இருந்தால் எழுத்து உளி இரவல் தருகிறேன். இதற்கிடையே வத்தலக்குண்டில் கூட்டம் போட்டு, மாதம் பத்து சதவீதம், ஆள் சேர்த்தால் இன்னும் கமிஷன் என்று விற்கிறவர்கள் மலை ஏறியும் வருகிறார்கள். போன மாசம் குழுக் கூட்டத்துக்கே ஒருவர் வண்ணக் காகிதக் கட்டோடு வந்தார். பிட்காயின் மாதிரியேதான், இன்னும் பாதுகாப்பு என்றார். எங்களில் ஒருத்தி, நான் சொல்லிக் கொடுக்காமலே, "அந்தப் பன்னெண்டு வார்த்தை யார் கையில இருக்கும்?" என்று கேட்டாள். கம்பெனியே பத்திரமாக வைத்திருக்கும் மேடம் என்றார் அவர். டீ கொடுத்து அனுப்பி வைத்தோம்.